கொழுந்துக் கூடையில் ஏறிய பேஸ்

கொரட்டி அக்காவின் கிட்டாருக்கு நாலே கம்பிகள். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும், "ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்றுதான் கேட்பார்கள். "ஆமாங்க, பழுதுங்கறதால வெல கொறச்சுக் குடுத்தாங்க" என்று நான் பதில் சொல்லிவைப்பேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைப்பார். அது எங்களுக்குள் வழக்கமான கணக்கு.

முழுப்பெயர் மரியகொரட்டி. நமுனுகுல மலைப்பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது. கிழமை நாட்களில் கொழுந்து எடுப்பார். ஞாயிறு பூசையிலும் கலியாண வீடுகளிலும் பேஸ் கிட்டார் வாசிப்பார். அந்தக் கிட்டார் அவர் தம்பி ஜெசிந்தன் கட்டாருக்குப் போகும்போது கட்டிலுக்கடியில் விட்டுப்போனது. லீவில் வந்தவன் அக்கா வாசிப்பதைக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். "நீயே வச்சுக்க, நான் வாசிச்சா சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் விமானம் ஏறிவிட்டான்.

பேஸ் சத்தம் காதுக்கு வருவதில்லை, பாதத்துக்குத்தான் வரும். ஆடிக்கொண்டிருக்கிறவனை நிறுத்தி, "பேஸ் எப்படி?" என்று கேட்டால், "அது எது?" என்பான். பேஸை நிறுத்திப் பாருங்கள், அவனும் நின்றுவிடுவான். என்ன நடந்தது என்று தெரியாமல், செருப்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்ப்பான்.

எங்கள் குழுவில் நாலு பேர். பாடுவதும் கட்டளை போடுவதும் மத்தேயு அண்ணன். கீபோர்ட் அகீல், பதுளை டவுன்காரன். பேஸ் கொரட்டி அக்கா. நான் கஹோன் அடிப்பவன். கஹோன் என்பது மேலே ஏறி உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி. படிப்பு ஓ.எல். பரீட்சையோடு நின்றபோது, "உக்காந்து செய்ற வேல தேடு" என்று அப்பா சொன்னார். தேடிக்கொண்டேன்.

அக்கா வாசிக்கிற பேஸுக்கு ஒரு பழைய எம்ப்ளிபயர் இருந்தது. பதினைந்து அங்குல ஸ்பீக்கர், மொத்தத் தேக்குப் பலகை, நாலு மூலையிலும் இரும்பு. நாங்கள் அதற்கு 'மாமா' என்று பேர் வைத்திருந்தோம். கூப்பிட்டால் வரமாட்டார், ஆள் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

இந்த நிலைமையில்தான் மேல் டிவிஷன் ரமேஸின் கலியாணம் வந்தது. போன வருஷ மழையில் அந்தப் பக்கத்து ரோட்டு சரிந்துபோய்விட்டது. ஓட்டோ பாலத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் தேயிலைக்குள்ளால் ஒற்றையடிப் பாதை.

மத்தேயு அண்ணன் பூசை முடிந்து வெளியே வந்ததும் விஷயத்தை எடுத்தார்.

"கொரட்டி, மாமாவ அங்க ஏத்த முடியாது. இந்த ஒரு தடவ அகீல் எடது கையாலயே பேஸ அமுக்கிருவான். நீ வீட்ல இரு."

எங்கள் பக்கத்தில் 'இந்த ஒரு தடவை' என்பதை நம்பக்கூடாது. தற்காலிகமாகக் கட்டிய லயத்தில்தான் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கிறோம். அகீலின் இடது கைக்குச் சோறு போட வேண்டாம், ஓட்டோவில் இடம் விட வேண்டாம், தூக்க ஆள் வேண்டாம். ஒரு கலியாணம் அப்படி ஒப்பேறிவிட்டால் அடுத்த கலியாணத்துக்கு அக்காவை யார் கூப்பிடப்போகிறார்கள்? இது எனக்கே விளங்கியது என்றால் அவருக்கு விளங்காமலா இருக்கும்.

"வேற பொட்டி கொண்டாந்தா?" என்றார் அக்கா.

"ஒன்னால தூக்கிட்டு ஏற முடியுற பொட்டின்னா வாசி. பாதில வச்சிட்டு ஆள் கூப்பிடக்கூடாது. பாதில சத்தம் நின்னாலும் சரி, அதோட முடிஞ்சது."

"சரிண்ணே."

இவ்வளவுதான் பேச்சு. அக்கா கோபப்படுவார், நான் நடுவில் ஏதாவது போட்டு ஊதலாம் என்று காத்திருந்தேன். ஏமாந்தேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பதுளைக்கு பஸ் ஏறினோம். அக்கா ஒரு தோளில் கிட்டாரையும் முதுகில் கொழுந்துக் கூடையையும் மாட்டிக்கொண்டு வந்தார். இப்போது எல்லாரும் சாக்குப் பையில்தான் கொழுந்து எடுக்கிறார்கள், கூடை அபூர்வம். பஸ்ஸில் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன காய் கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். "கிட்டாரங்கா. பொரிச்சா நல்லாருக்கும்" என்றேன். குட்டு விழுந்தது.

இசைச் சாமான் கடைக்காரர் ஜஸீல் நானா. ஆள் மெல்லிசு, பேச்சு அதற்கும் சேர்த்து. முதலில் எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். "ஒரு கையால தூக்கலாம், பாருங்க!" என்று ஆட்டிக் காட்டினார். அக்கா கிட்டாரைப் போட்டு அடிக்கம்பியை ஒருமுறை இழுத்தார். கண்ணாடி அலுமாரி முழுக்கக் கிடுகிடுத்தது.

"அம்மாடி! இதே போதும்க்கா" என்றேன்.

"போதாதுடா. இது நாலு சுவத்துக்குள்ள கத்துது. நானா, வயர் நீளம் இருக்கா? வாசல்ல வச்சுப் பாக்கணும்."

ஜஸீல் நானா முகம் சுளித்தாலும் வயரை இழுத்துக் கொடுத்தார். பெட்டி வாசலுக்குப் போனது. அதே கம்பி, அதே விரல். ரோட்டில் ஹாலிஎல பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனதில் அக்காவின் பேஸ் காணாமலே போய்விட்டது. சத்தத்தைக் கூட்டினால் குரல் கம்மிய சேவல் மாதிரிக் கரகரத்தது.

"இது வீட்ல பழக நல்லாருக்கும். மலையில வாய் தொறக்காது" என்று தீர்ப்புச் சொன்னார் அக்கா.

அடுத்து பன்னிரண்டு அங்குலப் பெட்டி. சத்தம் அருமை. தூக்கிப் பார்த்தார். "இது மாமாவோட தம்பி" என்று இறக்கி வைத்தார். பிறகு நானா, பெட்டியே வேண்டாம் என்று ஒரு சின்னக் கருவியைக் காட்டினார். காலடியில் வைத்து, கிட்டாரை நேரே பெரிய மிக்ஸரில் கொடுத்துவிடலாமாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். எனக்கு அது பிடித்துவிட்டது. அக்கா யோசித்தார்.

"எங்க மிக்ஸர் மத்தேயு அண்ணன் பக்கத்துல இருக்கும். என் சத்தத்த அவரு கொறைச்சா நான் என்ன பண்றது? எனக்கு என் காலுக்குப் பின்னாலேயே சத்தம் வேணும்."

கடைசியில் நானா இரண்டு துண்டாக ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்று, ஒரு பாண் ரொட்டி அளவுக்கு எம்ப்ளிபயர் தலை. ஒரு கையில் தூக்கலாம். மற்றது பத்து அங்குல ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே புதுவகைக் காந்தமாம், அதனால்தான் பாரமில்லையாம்.

"இந்த ஒரு பொட்டி மட்டும்னா, தலைக்குள்ள இருக்கிற சக்தில பாதிதான் வெளியில வரும், தங்கச்சி. பொறவு இதே மாதிரி இன்னொண்ணு சேர்த்தா முழுசும் வரும்."

"எங்க லயத்துல பொழுதுபட்டா பல்பு மஞ்சளாப் போகும். அந்தக் கரண்டுக்கு இது ஓடுமா?"

"வோல்டேஜ் எறங்கினாலும் ஓடும். பின்னுக்கு எழுதியிருக்கு, பாருங்க."

அதையும் வாசலில் வைத்துப் பார்த்தார். பஸ் போனது, லொறி போனது, பேஸ் அடங்கவில்லை. எதிர்க்கடை வாசலில் நின்ற ஒருவரின் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அவருக்கே அது தெரியவில்லை. அக்கா சிரித்தார்.

அதன் பிறகுதான் கூடை வந்தது. அடியில் பழைய சாக்கைத் திணித்து, அதன் மேல் ஸ்பீக்கரை இறக்கி, உச்சியில் தலையைப் படுக்கவைத்தார். கயிற்றை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று கடையின் மாடிப்படியில் ஏறிவிட்டார்.

ஜஸீல் நானா பதறிப்போனார். "தங்கச்சி! பில்லு போடல்லையே!"

"பயப்படாதீங்க நானா, மேல வாசல் இல்லல்ல?" என்றேன்.

அக்கா இறங்கி வந்தார். மூச்சு வாங்கவில்லை. "மழ நாள் கொழுந்து இத விடப் பாரம். இதையே போடுங்க."

கலியாணத்தன்று பாலத்தடியில் இறங்கினோம். அகீல் கீபோர்டையும் மத்தேயு அண்ணன் பாட்டுச் செட்டையும் சுமந்து நாலு அடிக்கு ஒருதரம் நின்றார்கள். அக்கா கூடையோடு முன்னால் போனார். எங்கே கால் வைப்பது என்று அவர் பாதங்களுக்குத் தெரியும், அது அவர் தினமும் ஏறுகிற மலை. அக்காவின் கிட்டார் என் முதுகில் இருந்தது. பாதை சறுக்குகிற இடங்களில் அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். விழுந்தால் சிரிப்பதற்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும் அல்லவா.

மேலே போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் இறங்கி, தூறலும் தொடங்கியிருந்தது. லயத்து வாசலில் தகரப் பந்தல். ஓரமெல்லாம் சாரல். அக்கா உடனே தன் படங்கை எடுத்தார். படங்கு என்றால் கொழுந்து எடுக்கும்போது உடுப்பு நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற ரப்பர் சீலை. புதுச் சாமானை அதால் இறுக்கிச் சுற்றி, ஸ்பீக்கரின் முகத்தை மட்டும் வெளியே விட்டார். குழந்தைக்குக் குல்லா போட்டமாதிரி இருந்தது. எங்களில் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. இந்த மலையில் எதையும் மூடித்தான் வைப்போம்.

முதல் இரண்டு பாட்டும் பிரமாதம். ரமேஸின் மாமன்மார் வரிசையாக ஆட இறங்கிவிட்டார்கள். மூன்றாவது பாட்டு நடுவில் பேஸ் பொசுக்கென்று நின்றது.

நான் தட்டுவதை விடவில்லை. மத்தேயு அண்ணன் பாடிக்கொண்டே அகீலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அகீலின் இடது கை கீழே இறங்கியது. பாட்டு ஓடியது. ஓடியதுதான், ஆனால் ஆடிக்கொண்டிருந்த ஒரு மாமன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். "சொன்னேன்ல? வெளையாட்டுச் சாமான். எரிஞ்சு போச்சு. நீ போய்ச் சாப்பிடு, கொரட்டி."

அக்கா குனிந்தார். படங்குக்குள் கையை விட்டார். உடனே வெளியே இழுத்து உதறினார்.

"எரியல. வெந்திருக்கு."

"என்ன?"

"கொழுந்த சாக்குல அமுக்கி வச்சா உள்ளுக்குள்ளயே சூடேறிச் செவந்து போகும்ல? கங்காணி ஏசுவாருல்ல? அதத்தான் நான் இதுக்குப் பண்ணியிருக்கேன். மூச்சு விட வழியில்லாம கட்டிப்புட்டேன்." முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே, "ஒரு பாட்டு பாடிக்கிட்டிருங்கண்ணே, வந்துர்றேன்" என்றார்.

படங்கு விலகியதும் உள்ளேயிருந்து அனல் அடித்தது. கொழுந்தைப் பரத்திக் காயவிடுகிறவர் மாதிரி, தலையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தகரப் பந்தலின் நடுவில், காற்று வருகிற பக்கமாக ஒரு பலகை மேல் தனியாக வைத்தார். சாரல் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தது. அந்தப் பக்கத்தில் நான் குடையை விரித்துப் பிடித்தேன். ஒரு கையால் குடை, ஒரு கையால் கஹோன். "ஒனக்கு என்னடா இவ்வளவு அக்கற?" என்று அகீல் கேட்டான். "என் தல நனையுதுடா" என்றேன். என் தலை குடைக்கு வெளியில் இருந்தது.

பாட்டின் கடைசிச் சரணத்தில் அக்கா சுவிட்சைப் போட்டார். சின்ன விசிறி விர்ரென்றது. பச்சை விளக்கு எரிந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அடிக்கம்பியில் விரலை வைத்து, பாட்டு எங்கே போய்க்கொண்டிருந்ததோ அங்கேயே ஏறிக்கொண்டார்.

பந்தல் தகரம் முழுக்க ஒருதரம் அதிர்ந்தது. செருப்பைக் குனிந்து பார்த்த மாமன் திரும்ப ஆடத் தொடங்கினார்.

அகீல் நல்ல பையன். அண்ணன் கண் காட்டும்வரை அவன் காத்திருக்கவில்லை. இடது கையை எடுத்துக் களிசான் பைக்குள் போட்டுக்கொண்டான். "எனக்கு ஒரு கையே போதும், கொரட்டிக்கா பாத்துக்குவாங்க" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். அண்ணனுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

அடுத்தடுத்த பாட்டுகளில் விளக்குகள் மஞ்சளாகின, மணமகளின் சித்தப்பா ஆடிக்கொண்டே கொடிக்கம்பத்தில் மோதினார், பேஸ் நிற்கவில்லை.

இறங்கும்போது மத்தேயு அண்ணனுக்கு ஹாலிஎலயிலிருந்து ஒரு போன் வந்தது. அடுத்த மாசம் ஒரு பிறந்தநாள் வீடு. பாதையோரத்தில் நின்று பேசினார். "ஆமாங்க, வர்றோம்... இல்லீங்க, மூணு பேர்னு சொன்னது தப்பு. நாலு பேர். சாப்பாடும் நாலு."

அக்கா கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"காத்து வர்ற எடமாப் பாத்துப் பந்தல் போடச் சொல்லுங்கண்ணே."

அண்ணன் போனில் அதையும் சொன்னார்.