ஓதின தண்ணியும் மகளின் போத்தல்களும்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருஷமாய்த் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் பெரிதாய்ப் படித்தவன் இல்லை, நெல் ஆலையில் வேலை. எழுதப்போய் குர்ஆன் ஓதலைக் கேலி செய்த பாவம் வந்து சேருமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் ஊரில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாய் ஓடுகிறது. அதனால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன்.

மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தாள். நீண்ட விடுமுறையில் ஒரு ஆய்வுகூடத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். முடிவில் அங்கு பொறுப்பாயிருக்கிற மிஸ் கையெழுத்து வைத்தால்தான் தேறலாம். மகளுக்குக் கிடைத்தது கிணற்றுத் தண்ணீரில் கிருமி பார்க்கிற வேலை. முதல் வாரம் முழுக்கப் போத்தல்தான் கழுவினாளாம்.

"சம்பளம் தாறாங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்ல உம்மா, சும்மாதான்."

"இங்கேயும் சும்மாதானே. இந்தக் கோப்பையளையும் கழுவன் கா."

பயிற்சி முடிகிற வாரம் வந்தது. கடைசித் தண்ணீரை எடுக்க மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மருதமுனை, சொறிக்கல்முனை, வீரமுனை என்று கிணறு கிணறாய்ப் போனேன். கிருமி போக அவித்த கண்ணாடிப் போத்தலில் அள்ளி, மூடி, நம்பர் ஒட்டினாள். மறுநாள் காலையில் குளிர் விடாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிந்தினால் பயிற்சி முடிவதற்குள் பெறுபேறு வராது, கையெழுத்தும் கிடைக்காது. பகல் திரும்பி வந்து, வீட்டு பிரிட்ஜில் அடுக்கிவிட்டுக் களைப்பில் படுத்தாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெண்களின் ஓதல். மாமனார் மௌத்தான நாளில் வருஷா வருஷம் ஓதுவோம். வருகிறவர்கள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து நடுப்பாயில் மூடி திறந்து வைப்பார்கள். ஓதி முடிய அதில் ஊதி, பரக்கத்துக்கு, அருள் சேரட்டுமென்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மனைவிக்கு வட்டிலப்பம் வைக்க பிரிட்ஜில் இடம் போதவில்லை. மகளின் போத்தல்களை வெளியே எடுத்து, கொஞ்ச நேரத்துக்கென்று பாயோரம் வைத்தாள். முதலில் வந்த பக்கத்து வீட்டு மாமி, ஓதத்தான் வைத்திருக்கிறதென்று அவற்றையும் நடுவுக்கு இழுத்து மூடியைத் திறந்துவிட்டார்.

மகள் எழும்பி வரும்போது ஓதல் முடிந்து பாய் வெறுமையாய்க் கிடந்தது.

"உம்மா, எண்ட போத்தல் எங்க?"

அந்த மாமி வாசலில் நின்று சந்தோஷமாய்ச் சொன்னார். "நம்பர் போட்டு வெச்சது நல்ல வேலை, மகள். பள்ளிவாசல் கந்தூரிச் சோத்துக்கு நம்பர் குடுக்கிற மாதிரி. போத்தல் கொண்டு வராத ஆக்களுக்குள்ள ஒரு இழுபறியும் இல்ல. எனக்கு நாலாம் நம்பர்."

அது கிருமி பார்க்க அள்ளின தண்ணியென்று மகள் சொன்னாள். மாமி வயிற்றைத் தடவினார். "நான் பாதி குடிச்சிட்டன். இப்ப என்ன கா செய்யிற? எங்கட கிணத்தில அள்ளி நிரப்பிக் குடுங்களன். தண்ணி தண்ணிதானே, ஆருக்குத் தெரியும்?"

"நோன்பெண்டு சொல்லிப்போட்டு ஒளிச்சுத் திண்ட மாதிரி இருக்கும் மாமி," என்றாள் மகள்.

மாமி போய்த் தன் போத்தலோடு மற்றவர்களின் போத்தல்களையும் வாங்கி வந்தார். பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாவில் வெறும் போத்தல்களையெல்லாம் போட்டு மறுபடி அவித்தோம்.

விடிய சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி தண்ணீர் அள்ளப் புறப்பட்டோம். சொறிக்கல்முனையில் கிணற்றுக்கார அக்கா கேட்டார், "நேத்துத்தானே அள்ளினீங்க, அதுக்குள்ள முடிஞ்சு போச்சா?" மகள் நடந்ததைச் சொன்னாள். அக்கா வாளியைப் பிடித்தபடி சிரித்தார். "அப்ப எங்கட கிணத்துத் தண்ணிக்கும் ஓதியாச்சு. நல்லதுதானே, தம்பி."

ஆய்வுகூடத்துக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம். மிஸ் மட்டக்களப்புப் பக்கம், கடுமையானவர். நான் வாசலில் நின்று வாய்க்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மிஸ் போத்தல்களைத் தொட்டுக் குளிர் பார்த்தார்.

"எங்கட வீட்டு பிரிட்ஜிலயும் கோயில் தீர்த்தம் இருக்கு," என்றார். "நான் நம்பர் போடுறல்ல, இது இன்னதெண்டு பேர் எழுதி ஒட்டுறனான். இனி நீயும் அப்படிச் செய். வா, வேலையைத் தொடங்குவம்."

அந்த வாரக் கடைசியில் கையெழுத்துக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், மாமியின் வயிற்றுக்கும் ஒன்றும் இல்லை.

இப்போது சிலர், ஓதின தண்ணியில் கிருமியே இல்லையென்று ஆய்வுகூடம் எழுதிக் கொடுத்ததாம் என்கிறார்கள். வேறு சிலர், அதைக் குடிக்கக் கூடாதென்று சொன்னதாம் என்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. அந்தத் தண்ணி ஆய்வுகூடத்துக்குப் போகவே இல்லை. போனது எங்கள் அயலவரின் வயிற்றுக்குள். இதை வாசிக்கிறவர்கள் மற்றவருக்குச் சொல்வதென்றால், அல்லாஹ்வுக்காக, கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.