மஞ்சள் வைத்த கூறைச் சேலை

மகன் கல்யாணத்துக்கு எடுத்த கூறைச் சேலையைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

மலேசியாவில், ஜோகூர் பாருவில் பெரிய கடை. "அசல் காஞ்சிபுரம்க்கா, புவிசார் குறியீடு வாங்குன பட்டு" என்று ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டித்தான் கடைக்காரன் விற்றான். அந்த ஊர்த் தறியில் நெய்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம் என்று இந்தியாவில் சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். நம்பி வாங்கினேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வழக்கப்படி சேலையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றார். கற்பூரம் காட்டும்போது முந்தானைக் குஞ்சத்தில் தீ பட்டுவிட்டது. பதறி அணைத்தேன். பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பலாக உதிரும். இதுவோ பிளாஸ்டிக் வாடையோடு உருகி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியாதா?

சம்பந்தியம்மா குனிந்து அந்தக் கறுப்பு மணியைத் தொட்டுப் பார்த்தார். தன் மகளுக்கு இது போதும் என்று நான் மலிவாக எடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றேன்.

"மஞ்ச வச்சிட்டீங்களேக்கா! மஞ்ச வச்ச சேலைய இனி யாரு வாங்குவா? திருப்பி எடுக்க முடியாது."

"சட்டம் இருக்குல்ல தம்பி?"

"அது இந்தியாவுல. இங்க காஞ்சிபுரம்னா ஒரு டிசைன், அவ்வளவுதான் லா."

விற்கும்போது சட்டம் கடல் தாண்டி வருகிறது. கேட்கப் போனால் ஊருக்குத் திரும்பிவிடுகிறது! அங்கே ஒருவன் தறிக்குழியில் காலை விட்டு இடுப்பொடிய நெய்கிறான். அவன் ஊர்ப் பெயரை விற்று இவன் வயிறு வளர்க்கிறான். நான் கத்தியே விட்டேன்.

"லைட்டர எடு. ஒவ்வொரு சேலையிலயும் ஒரு நூலு உருவி இங்கயே கொளுத்திக் காட்டு!"

கூறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கையிலிருந்ததைக் கீழே வைத்தது. அதைப் பார்த்ததும் அவன் உள்ளறைக்கு ஓடி, பூட்டிய பீரோவைத் திறந்து வேறொரு சேலை கொண்டுவந்தான். நூல் உருவிக் கொளுத்தினேன். முடி நாற்றம் வந்தது. ஆக, எது அசல், எது போலி என்று அந்தப் படுபாவிக்கு முதலிலிருந்தே தெரியும்.

பழையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தவள் திரும்பிப் பார்த்தேன். என் பழைய சேலையில் கருகிய குஞ்சத்தைக் கத்தரித்து, மஞ்சள் மூலைகள் உள்ளே போகும்படி மடித்து, அதே முத்திரையோடு அதே அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான்.

போய்ப் பறித்தேன். இரண்டு சேலையோடும் படி இறங்கினேன்.

"போலீஸ கூப்பிடுவேங்க்கா!"

"கூப்பிடு லா. எந்த நாட்டுச் சட்டத்துல பிடிப்பாங்கன்னு நானும் பாக்குறேன்."