நான் தீர்ப்புச் சொன்ன பீட்சா

சூடான அட்டைப்பெட்டிக்கென்று ஒரு மணம் உண்டு. உள்ளே ஆவி கட்டி, அட்டை நனைந்து, சீஸும் வெங்காயமும் கடதாசியும் கலந்து வரும் மணம்... மாத்தளையில் நம் அலுவலகத்துப் பழைய ஃபைல்களின் தூசி வாசனையை முதன்முதலாகத் தோற்கடித்தது அதுதான்.

நேற்று பலீல் நானா நம் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்: "மாத்தளை மாவட்டத்துல பெஸ்ட் பீட்சா எங்க?" மாலைக்குள் அறுபது பதில்கள். ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இத்தனை வேகமாகத் தட்டச்சுச் செய்ய வரும் என்று நான் அறிந்திருக்கவில்லை; வேலையில் இருந்தபோது அந்த வேகத்தைக் கண்டதில்லை. கடைசியில் குமாரி எழுதினாள்: "மேடம்தானே அன்னைக்கு ஜட்ஜ். மேடம் சொல்லட்டும்."

சொல்கிறேன்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காக... இது நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முந்திய கதை. பீட்சா அப்போதுதான் நம் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் தலைகாட்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே வழக்கு. பலீல் நானா கலேவெல கட்சி. அவருடைய மச்சான் வீட்டுக்குப் பக்கத்துக் கடை. குமாரி தம்புள்ளை கட்சி. வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல்.

"அது பீட்சா இல்ல நானா. கொத்து ரொட்டிய கொத்த மறந்துட்டாங்க!"

"ஒங்க ஹோட்டல்காரன் குடுக்கிறது மட்டும் என்னவாம்? அப்பளம். ஊதினா பறக்கும்."

தட்டச்சுப் பிரிவு சாந்தி மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டவுன்லயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஒரு அக்கா புதுசா கடை போட்டிருக்காங்க. அதையும் ஒருக்கா பாப்போமே..."

ஒரு புதன்கிழமை மூன்று பெட்டிகளையும் ஒரே மேசையில் வைப்பது என்று முடிவாயிற்று. நடுவர் நான். பயிற்சிக்காக மணிலாவுக்குப் போனபோது இரண்டு தடவை பீட்சா சாப்பிட்டவள் என்பதே என் தகுதி. மணிலாவுக்கும் இத்தாலிக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தம்புள்ளைப் பெட்டி வழியிலேயே ஆறி விறைத்திருந்தது. கலேவெலப் பெட்டியில் எண்ணெய் மிதந்தது. மூன்றாவதை, கடைக்காரப் பெண்ணே ஏப்ரனோடு கொண்டுவந்து வைத்தாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன்.

தடித்த அடி. அடியில் கொஞ்சம் கருகல். சீஸுக்குக் கீழே இடித்த செத்தல் மிளகாயும் வெங்காயமும்... எனக்கு அந்தக் கைப்பக்குவம் தெரியும், என் அக்காவுடையது. நிமிர்ந்தேன். என் அக்கா மகள் தனம். அக்காவின் சாவு வீட்டில் அரை நாள் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன்.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். அப்பாவுக்கு டவுனில் வியாபாரம் என்று உங்களிடம் சொன்னது பொய். அக்கா பதினான்கு வயதில் கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள். அவள் போனதால் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எனக்கு லயம் இருந்ததே மறந்துவிட்டது. வசதியான ஞாபகமறதி.

தனம் சிரித்தாள். "சின்ன..." என்று வாய் திறந்தாள். சின்னம்மா என்று முடியப்போகிற சொல். அது முடிவதற்குள் நான் உரத்துப் பேசினேன்.

"இது பீட்சா இல்ல. லயத்து ரொட்டி. மேல கொஞ்சம் சீஸ் தடவியிருக்காங்க, அவ்வளவுதான்."

மேசையே சிரித்தது. நீங்கள் சிரித்ததில் எனக்குக் குறையில்லை, அதற்காகத்தானே சொன்னேன்.

தனம் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெட்டியின் மூடியை நேராக மடித்து வைத்துவிட்டு, "சரிங்க மேடம். அடுத்த தடவ மெலிசா போடுறேன்" என்றாள்.

சாந்தி தன் துண்டைக் கீழே வைத்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை. அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை.

முதலிடத்தைத் தம்புள்ளைக்குக் கொடுத்தேன். குமாரி இன்றுவரை அந்த வெற்றியைச் சொல்லிக்காட்டுகிறாள். மன்னித்துக்கொள் குமாரி, அந்தப் பீட்சா, தான் வந்த அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் மிருதுவாக இருந்தது.

அன்று மாலை, தனத்தின் பெட்டியில் மிஞ்சிய நான்கு துண்டுகளையும் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். "நாய்க்கு" என்றேன். என் வீட்டில் நாய் கிடையாது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், சமையலறையில் நின்றபடியே நான்கையும் தின்றேன்.

அது தோட்டம் என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொன்ன காலம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சாந்தி தாழ்த்தவில்லையே. இப்போதைய பிள்ளைகள் தங்கள் படத்துக்குக் கீழேயே தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் போடுகிறார்கள். அன்று உட்கார ஒரே ஒரு வாங்கு போட்டிருந்த தனத்தின் கடையில் இன்று சனிக்கிழமைகளில் வரிசை நிற்கிறது, தம்புள்ளை வழியிலுள்ள நாலந்தாவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நான் இத்தனை வருடமும் எதிர்ப்பக்க நடைபாதையால் போகிறேன். அவள் பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. என் பொய்யை என்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றியவள் அவள்.

ஆகவே பலீல் நானா, உங்கள் கேள்விக்குப் பதில்: தனத்தின் கடை. அன்றும் அதுதான்.

போய் மன்னிப்புக் கேளுங்கள் மேடம் என்று எழுதப்போகிறீர்கள். இரண்டு தடவை கடை வாசல் வரை போனேன். நான் அவளை அவமானப்படுத்தியது பதினொரு பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் அடுப்பு ஓரமாய், ஒருவர் காதிலும் விழாமல் கேட்டால் அதுவும் என் வசதிக்குத்தான். அதனால் முதலில் இங்கே எழுதுகிறேன்.

சாந்தி, நீ வாராவாரம் அங்கே போகிறவள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டு, ஒரு வரியும் விடாமல். சனிக்கிழமை நான் போவேன். அவள் உள்ளே வரச் சொன்னால் உள்ளே போவேன். சொல்லாவிட்டால், மற்றவர்களோடு வரிசையில் நிற்பேன்.