வலி வருவதற்கு முன்னால் சொல்லிவைத்தவள்

ஊரடங்கின்போது ஓட்டாமல் நிறுத்திவைத்த என் ஆட்டோவின் சீட்டை எலி கடித்துப் பஞ்சையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டது. அந்த வருடம்தான் என் மகனுக்கு மூத்த பெண் பிறந்தாள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். வருடத்தை இப்படித்தான் அடையாளம் வைத்துக்கொள்வேன். அந்தச் சீட்டைத் தைக்க சிவாஜி நகரில் தையல்கார பாய் ஒருவரைத் தேடி அலைந்தது தனிக் கதை, அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது என் மருமகளைப் பற்றி. மாமனார் பேசக்கூடிய பேச்சா இது என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவளே அவள்தான். "கூச்சப்படாம சொல்லு மாமா, தப்பா சொன்னா நானே நிறுத்தறேன்" என்கிறாள்.

எங்கள் விவேக் நகர் பக்கத்து வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை தாய்ப்பால் குடிக்கிறவரை, தாய்க்கு மாதவிலக்கு திரும்பாதவரை, அடுத்தது தங்காது என்பார்கள். என் வீட்டுக்காரி அதில் உறுதியாக இருந்தாள். ஆனால் பேத்திக்கு நான்காவது மாதமே ராகிக் கஞ்சி ஊட்டத் தொடங்கியதும் அவள்தான். பெங்களூரில் எந்த வீட்டில் ராகி இல்லை? கஞ்சி குடித்துவிட்டுக் குழந்தை நன்றாகத் தூங்கியது. பால் குடிப்பதும் குறைந்துபோனது. சில மாதங்கள் கழித்து மருமகளுக்கு வயிறு உப்பினாற்போல் இருந்தது. "ராகி வாயுடி, நீயும் அந்தக் கஞ்சியையே குடிக்கிறியே" என்று என் வீட்டுக்காரி ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வாரக்கணக்கில் கொடுத்தாள். ஓமத்துக்கு அடங்குகிற வாயுவா அது? ஸ்கேனில் கையும் காலும் தெரிந்தது.

அந்த இரண்டாவது கர்ப்பம் அவளை உருக்கிப் போட்டது. உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். பரிசோதனைக்கு என் ஆட்டோவில்தான் கூட்டிப்போவேன். வியாழக்கிழமை கோயில் கூட்டத்துக்குள் வண்டி நின்றிருந்தபோது, பின்னால் சத்தமில்லாமல் சாய்ந்துவிட்டாள். பூ விற்கிற அம்மா ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி அனுப்பினார்கள்.

அதே ஆஸ்பத்திரியில், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளிடம் ஒரு சிஸ்டர் பேசுவார். பிள்ளை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் குடிக்காத முதல் ஆறு மாதம்தான் அந்த நம்பிக்கை ஓரளவு செல்லும், கஞ்சி ஊட்ட ஆரம்பித்தால் நம்பக்கூடாது என்று சொன்னதும் அவர்தான். "அடுத்தது தங்காம இருக்க காப்பர் டீ வேணும்னா, நஞ்சுக்கொடி விழுந்த உடனே கர்ப்பப்பைக்குள்ள வெச்சிடலாம். தாய்ப்பால் குறையாது. வேணாம்னா எப்ப வேணா எடுத்துக்கலாம். ஆனா இப்பவே சொல்லிடணும்மா. வலில கத்தும்போது நாங்க வந்து கேக்க முடியாது" என்றார். என் மருமகள் பெஞ்சிலிருந்து எழுந்து, தனக்கு வைக்கச் சொல்லி அங்கேயே சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் அதை ஒளிக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். என் வீட்டுக்காரி தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அந்தக் கம்பி மேல ஏறி நெஞ்சுல குத்தும்டி. ஆனேக்கல்ல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சாம்."

"யாருக்கு அத்தை? பேரு சொல்லு, போய்ப் பாத்துட்டு வரேன்."

என் மகன் நடுவில் புகுந்தான். "அம்மா சொல்றதுல என்ன? பொறக்கறது பையனா இருந்தா போட்டுக்கலாம்."

"பாத்துட்டு முடிவு பண்ண இது என்ன கிரிக்கெட் டாஸா? ரத்தம் ஏத்துனது உனக்கா, எனக்கா?"

"அவ உடம்பு, அவ சொல்றபடி வுடுங்க" என்றேன் நான். அவள் வண்டியில் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்தானே. "நீ சும்மா ரசம் குடி" என்றாள் என் வீட்டுக்காரி.

பிறந்தது பெண். சிஸ்டர் கதவைத் திறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரி எழுந்தாள். "சிஸ்டர், அந்தக் கம்பி வேணாம். இன்னும் பையன் பொறக்கல." என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிஸ்டர் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே திரும்பி, "ஏம்மா, உங்க அத்தை வேணாங்கறாங்க. நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் முன்னால் வலியில் அலறிய தொண்டை அது. உடைந்துபோன அந்தக் குரலில் பதில் வந்தது: "படுத்திருக்கறது நானு. வெளிய நிக்கறவங்கள எதுக்கு கேக்கறீங்க? போடுங்க சிஸ்டர்." நடையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கதவு மூடிக்கொண்டது. என் மகன் அம்மாவின் தோளைப் பிடித்து, "வுடு மா" என்று உட்காரவைத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பழி கம்பிமேல்தான். மருமகள் தும்மினால் கம்பி, முடி கொட்டினால் கம்பி, மிக்ஸி ஓடாவிட்டாலும் கம்பி. முதல் சில மாதம் மாதவிலக்கின்போது வலியும் ரத்தப்போக்கும் அதிகம் இருந்தது உண்மை. அவள் அதையும் மறைக்கவில்லை. நேராகப் போய்க் காட்டி மாத்திரை வாங்கிவந்தாள். பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்துப் போனபோது, இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். மெல்ல, என் வீட்டுக்காரியின் கண்முன்னாலேயே, மருமகளின் முகத்தில் ரத்தம் ஊறியது. சின்னவள் வயிறு நிறையப் பால் குடித்தாள். இப்போது என் மருமகள் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். மூன்றாவது வேண்டுமா என்று அவளும் என் மகனும்தான் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் என் வீட்டுக்காரி போனில் அவள் அக்கா மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இது ஏழாவது மாதம், மூத்தது இன்னும் இடுப்பில். "இங்க பாருடி, செக்கப்புக்குப் போறப்பவே சொல்லி வெச்சிடு. வலி வந்தப்புறம் ஒவ்வொருத்தன் ஒண்ணொண்ணு பேசுவான்" என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "மேல ஏறுமான்னா? ஏறினா ஏறட்டும்டி. நீ உயிரோட இருப்பல்ல" என்று வைத்துவிட்டாள்.

"அது ஏறாது மாமா, அதையும் சொல்லிடு" என்கிறாள் எழுதுகிறவள். சரி, ஏறாது. இது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். அதைக் கேட்கிற வாய் மட்டும் அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருத்தி வயிற்றில் பிள்ளையோடு இருந்தால், நாள் நெருங்குவதற்குள் இதை அவள் காதில் போட்டுவிடுங்கள்.