பயன்படுத்துவோர்: 1

உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்தக் கதையில் வரும் தம்பியோடு ஏழு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். அவனும் அவன் அண்ணியும் தனித்தனியாகச் சொன்னதை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நடந்தது பட்டப்பகலில்.

அவனுடைய அண்ணன் ஓர் இசை மென்பொருள் எழுதியவர். இசைக் கீபோர்டில் விரல் பட்டதும் அந்தச் செய்தியை மென்பொருளிடம் சேர்ப்பது, கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு ஒட்டி ஓடும் மாட்யூல் என்ற ஒரு சின்ன துணை நிரல். கெர்னல் மாறும்போதெல்லாம் பழைய மாட்யூலைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். தலைவலி பிடித்த வேலை. மூளையில் ரத்தம் கசிந்து அண்ணன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த பதினோராம் நாள், அது தம்பியின் தலையில் விழுந்தது.

"நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? போய் அத முடி. முழிச்சதும் உங்கண்ணன் முதல்ல அதத்தான் கேப்பாரு," என்று அண்ணிதான் விரட்டினார்.

மதியம் 2.50. அண்ணனின் அறையில், அண்ணனின் கணினியில் உட்கார்ந்து, பழைய மாட்யூலைக் கழற்றக் கட்டளை கொடுத்தான். கழலவில்லை. 'பயன்பாட்டில் உள்ளது. பயன்படுத்துவோர்: 1' என்றது திரை.

ஏதோ ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எல்லாவற்றையும் மூடினான். மறுபடியும் 1.

2.58. இசைக் கீபோர்டின் வயரையே பிடுங்கிப் போட்டான். அப்போதும் 1.

"சனியனே, யாருதான் பிடிச்சிட்டிருக்கா?"

ஸ்பீக்கரில் ஒரு சத்தம். டிங்... நான்கு நொடி கழித்து மறுபடியும் டிங்... ஒரே கட்டை. வயர் தரையில் கிடந்தது.

3.06. கணினியை அணைத்து மறுபடி போட்டான். 1. டிங்...

3.11. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கட்டையின் அழுத்தம் திரையில் ஓடியது. 20... 34... 51...

பயந்தால் தம்பிக்குக் கோபம்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

3.17. வலுக்கட்டாயமாகக் கழற்றும் கட்டளையை அடித்தான். பயன்பாட்டில் இருப்பதை அப்படிப் பிடுங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

0.

சத்தம் நின்றது.

போன் அடித்தது. அண்ணி.

"போயிட்டாருடா..."

"எப்போ அண்ணி?"

"இப்பதான். மூணு பதினேழு."

அதோடு போயிருந்தால் தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான். மறுநாள் காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டு நர்ஸ் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ரெண்டே முக்கால்லேர்ந்து உங்கண்ணன் நடுவிரல் படுக்கையத் தட்டிக்கிட்டே இருந்துச்சு தம்பி. நாலு நொடிக்கு ஒரு தரம். வரவர பலமாத் தட்டினாரு. சாயங்காலத்துக்குள்ள முழிச்சிடுவாருன்னு டாக்டரே சொன்னாரு. அந்த சந்தோஷத்தச் சொல்லத்தான் அண்ணி உங்களுக்கு போன எடுத்தாங்க. நம்பரப் போடுறதுக்குள்ள..."