மடியில் வைத்த சைரன்

இலங்கையின் பலாபத்வலையில் ரேடியோ திருத்தும் மஸூதாவுக்கு யாரிடமும் பணிந்து பேசத் தெரியாது. பெண் கேட்டு வந்தவர்கள் கடையை மூடச் சொன்னார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுபடி ஈயம் உருக்க உட்கார்ந்துவிட்டாள்.

2007 ரமழானில் பள்ளிவாசலுக்குப் புது மணிக்கூடு வந்தது. பொழுது சாயும் மகரிப் நேரத்தில் அதுவே சைரனை முழக்கும். ஊர் அதைக் கேட்டு நோன்பு திறக்கும். மணிக்கூட்டுக்கு ஐந்து வோல்ட், சைரனுக்குப் பன்னிரண்டு. பள்ளி நிர்வாகத்தார் இரண்டையும் நேரே பூட்டி, மணிக்கூட்டைப் புகைய விட்டார்கள். ‘பொம்பிளைக்கு என்ன தெரியும்’ என்றிருந்த நிர்வாகத் தலைவர் முத்தலிப் ஹாஜியார், அடுத்த மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு மஸூதாவிடம்தான் வந்தார்.

நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் ரிலேயும் வைத்தாள். ஐந்து வோல்ட் உத்தரவு மட்டும் கொடுக்கும். வேலையைப் பன்னிரண்டு வோல்ட் பார்த்துக்கொள்ளும். மணிக்கூடு, சைரன், பட்டரி, சோதித்துப் பார்க்க ஒரு பட்டன், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டி, பள்ளிக்குக் கொண்டுபோக திரீவீலில் ஏறினாள்.

செக் பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் நிறுத்தினார்கள். மணிக்கூடு, வயர், பட்டரி. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எவனுக்கும் குண்டு என்றுதான் படும். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. திரீவீல்காரன் ஓடிவிட்டான். பள்ளிவாசல் சைரன் என்று மஸூதா சொல்லிப் பார்த்தாள்.

“சைரன் என்றால் பட்டனை அமுக்கிக் காட்டு,” என்றான் கோப்ரல் சிங்களத்தில். “இல்லாவிட்டால் உன்னை ஏற்றிக்கொண்டு போவோம்.”

அப்படி ஏற்றிப் போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை என்பது மஸூதாவுக்குத் தெரியும். ஆனால் மகரிபுக்கு இன்னும் நேரமிருந்தது. இப்போது அமுக்கினால், பள்ளிச் சைரன் என்று நம்பி வீட்டுக்கு வீடு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிடுவார்கள். பகல் முழுக்கப் பசித்திருந்தவர்களின் நோன்பு பாழாகிவிடும்.

“அமுக்க மாட்டேன் மாத்தயா,” என்றாள் அவன் மொழியிலேயே. “நேரம் வந்தா அதுவே அடிக்கும். அதுவரைக்கும் பெட்டி என் மடியில இருக்கட்டும். பயமாயிருந்தா தள்ளி நில்லுங்க.”

ரோட்டோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவர்களும் தள்ளித்தான் நின்றார்கள், மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம். என்ன வீரம் பாருங்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பதுங்கிக் கிடக்க, இவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பொழுது இறங்கியது. பெட்டிக்குள் ரிலே ‘டிக்’ என்றது. கோப்ரல் மூட்டைக்குக் கீழே தலையை இழுத்துக்கொண்டான். சைரன் எழுந்து ஊர் முழுக்கக் கேட்டது.

அது ஓய்ந்ததும், மூட்டைக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்த கோப்ரலைப் பார்த்து மஸூதா சொன்னாள்: “தண்ணி கொண்டு வாங்க. நான் நோன்பு திறக்கணும்.”

அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனான்.