எல்லாப் போல்டரிலும் ஒரே குரல்

பெருமாட்டிப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ எழவோ, எது நடந்தாலும் பழனிச்சாமி சவுண்ட்ஸைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்பீக்கர் பெட்டியிலும் அந்தப் பெயர்தான், வண்டியிலும் அந்தப் பெயர்தான். பாட்டுக்கு நடுவே எக்கோ வைத்த விளம்பரம் வேறு வரும்: “ஒலி ஒளி அமைப்பு, பழனிச்சாமி சவுண்ட்ஸ், உரிமையாளர் பழனிச்சாமி... சாமி... சாமி...”

அந்த ‘சாமி’ எல்லாம் அடங்கும்வரை யோகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று அந்தச் சாமிக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டு, பிரித்து, அடுக்கி வைத்தவள் மனைவியான இவள். வருகிற மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்குத் தானே லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும், ஊர் கேட்க ஒரே ஒரு தடவை தன் பெயரும் ஸ்பீக்கரில் வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கேட்டபோதெல்லாம் பழனிச்சாமி “பாக்கலாம், பாக்கலாம்” என்று தலையாட்டினார். முடியாது என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

அவள் வாக்கப்பட்டு வந்த புதிதில் பாட்டுகள் கிடந்த கோலம் சொல்லி மாளாது. கல்யாணம், சீர், நோம்பி, கும்மி, பக்தி, எழவு என்று போல்டர்கள். ஒரே பாட்டு நாலு இடத்துக்கு வேண்டும் என்றால் பழனிச்சாமி நாலு காப்பி போடுவார். அம்மாவைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. பெண் வயசுக்கு வந்த சீரில் அதைப் போட்டால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள், கல்யாணத்தில் பெண்ணின் அம்மா அழுவாள், எழவு வீட்டில் ஊரே அழும். அந்த ஒரு பாட்டே மூலைக்கு மூலை கிடந்தது. ஹார்டு டிஸ்க் நிறைந்து மூச்சு முட்டியபோது, “புதுசு ஒண்ணு வாங்கிர்லாம்” என்றார் பழனிச்சாமி. அவர் வாங்கவும் இல்லை, எதையும் அழிக்கவும் விடவில்லை.

யோகப்பிரியா யூடியூபில் தேடிப் பிடித்ததுதான் ஹார்டு லிங்க். டிஸ்கில் பாட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எத்தனை போல்டரில் வேண்டுமானாலும் அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரு போல்டரில் பெயரை அழித்தாலும் மற்ற போல்டர்களில் பாட்டு அப்படியே பாடும். பாட்டுக்குள் எதையாவது மாற்றினால் மட்டும் எல்லாப் போல்டரிலும் மாறிவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து காப்பிகளைக் கழித்து எல்லாவற்றையும் லிங்க்காக மாற்றினாள். டிஸ்கில் பாதிக்கு மேல் காலியானது. பழனிச்சாமிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

“பாட்டெல்லாம் எங்க புள்ள போச்சு?”

“எங்கயும் போகலீங்க மாமா. ரேசன் கார்டுல நீங்க பழனிச்சாமி. ஊட்டுல உங்கம்மா மணின்னு கூப்படறாங்க. பேரு ரெண்டு, ஆளு ஒண்ணுதானுங்களே? மணிக்குக் காய்ச்சல் வந்தாப் பழனிச்சாமிக்கும் வந்த மாதிரிதான். அதனால எந்தப் பாட்டு மேல கை வெக்கோணும்னாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க. ஒரு போல்டர்ல வெட்டுனா எல்லாத்துலயும் வெட்டுனதுதான்.”

“எனக்கு எதுக்குக் காய்ச்சல் வரோணுங்கறே?” என்றார் பழனிச்சாமி. அவர் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

வேலந்தாவளத்தில் ஒரு கல்யாணம் வந்தது. யோகப்பிரியா காய்ச்சலில் படுத்திருந்தாள். பெண் வீட்டார் கேட்டார்கள் என்று பழனிச்சாமி அந்த அம்மா பாட்டைக் கல்யாணப் போல்டரில் திறந்தார். தன் குரலில் ஒரு வரவேற்பைப் பதிந்து பாட்டின் முன்னால் ஒட்டினார். அந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் பழையது. புதிதாக ஒன்றை உண்டாக்காது, இருந்ததன் மேலேயே எழுதிவிடும். சேவ் கொடுத்தார், கல்யாணத்தை ஜாம் ஜாம் என்று முடித்தார், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரமே தென்னந்தோப்புக்காரர் வீட்டில் எழவு. வயதான அம்மா. பழனிச்சாமி குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டிக்கொண்டிருந்தார். யோகப்பிரியா எழவுப் போல்டரைத் திறந்து அம்மா பாட்டைப் போட்டுவிட்டாள். கோயில் கமிட்டித் தலைவர் துரைசுவாமி அப்போதுதான் மாலையோடு பிணத்தருகே குனிந்தார்.

“மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் சொந்த பந்தங்களே, வருக, வருக! அனைவரும் இருந்து விருந்துண்டு செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்... கொள்கிறோம்... கொள்கிறோம்...”

ஒப்பாரி பாதியில் நின்றது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். யோகப்பிரியா அவசரத்தில் நிறுத்தும் பட்டனுக்குப் பதில் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். தென்னந்தோப்புக்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். “எங்கம்மா செத்துக் கெடக்கறா, விருந்துக்கா கூப்படறீங்க?”

பழனிச்சாமி மரத்திலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். தன் குரல் என்று அவருக்குத் தெரியும். ஒட்டியது தான்தான் என்றும் தெரியும். எல்லார் முகத்தையும் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க. இந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல என்னமோ லிங்க்கு கிங்க்குன்னு பண்ணி எல்லாத்தையும் கொழப்பி வெச்சிருச்சுங்க.”

யோகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழவு வீட்டில் வாயைத் திறந்தால் அதுவும் தப்பாகும். லேப்டாப்பை மூடிவிட்டு, தலையைக் குனிந்தபடி வண்டியில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தாள். “அந்த எடத்துல நான் வேறென்ன சொல்றது? ஆம்பளைக்கு நாளைக்குப் பொழப்பு நடக்க வேண்டாமா?” என்றார் பழனிச்சாமி.

சில நாள் கழித்துத் துரைசுவாமி கடைக்கே வந்தார். யோகப்பிரியா உள்ளே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். “நோம்பி உனக்குத்தானப்பா பழனிச்சாமி. ஆனா ஒண்ணு, அந்தப் புள்ள சிஸ்டத்துல ஒக்காரக் கூடாது.”

“அதுக்கென்னங்க, சொல்லிர்றனுங்க,” என்றார் பழனிச்சாமி. உள்ளே கேட்கும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. துரைசுவாமி போனதும் உள்ளே தலையை நீட்டி, “கேட்டுச்சில்ல? நோம்பிக்குள்ள எல்லாத்தையும் பழையபடி தனித்தனியாக் காப்பி பண்ணிரு,” என்றார்.

“டிஸ்க்ல எடம் பத்தாதுங்க.”

“எல்லாம் பத்தும்,” என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார் பழனிச்சாமி.

யோகப்பிரியா லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் அந்த அம்மா பாட்டில் ஒட்டியிருந்த வரவேற்பை வெட்டிச் சேவ் கொடுத்தாள். எழவுப் போல்டரில் போட்டுப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. சீரிலும் சுத்தம். ஒரே இடத்தில் வெட்டியது எல்லா இடத்திலும் சரியாகிவிட்டது. பட்டியலில் மேலே இருந்த பழனிச்சாமியின் விளம்பரத்தின் மேல் அவள் கண் போனது.

ஒவ்வொரு போல்டரிலும் முதலில் நிற்பது அந்த விளம்பரம். அதையும் அவள்தான் லிங்க்காக மாற்றியிருந்தாள். எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். மைக்கைச் சொருகினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். எக்கோவும் வைத்தாள், பழனிச்சாமி வைப்பதைவிடக் கொஞ்சம் கூடவே. பழைய விளம்பரத்தின் மேலேயே சேவ் கொடுத்தாள். காப்பி எதுவும் போடவில்லை.

நோம்பியன்று பழனிச்சாமி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அவள் வீட்டில் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். பூச்சட்டி ஊர்வலம் கிளம்பும் நேரம் தோப்புகளைத் தாண்டிக் குழாய் ஸ்பீக்கர் பேசியது.

“ஒலி ஒளி அமைப்பு, பழனிச்சாமி சவுண்ட்ஸ். பாட்டுகளைத் தொகுத்து வழங்குபவர் யோகப்பிரியா... பிரியா... பிரியா...”

உலக்கையை நிறுத்திக் கேட்டாள். சட்டென்று அறுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வேறு போல்டருக்குப் போயிருக்கிறார் போலும், மறுபடியும் அவள் குரல்தான் வந்தது. அதுவும் அறுந்தது. மூன்றாம் முறை வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று இவளைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது போன் அடித்தது.

“ஏம்புள்ள, என்ன பண்ணி வெச்சிருக்கறே? நோம்பியில அழிச்சேன், கும்மியில வர்றே. கும்மியில அழிச்சேன், பக்தியில வர்றே. தொரைசாமி மொறைக்கறாரு. என்ற குரலு எங்க போச்சு? உன்றத எத்தன காப்பி போட்டுத் தொலச்சே?”

“காப்பியே போடலீங்க மாமா,” என்றாள் யோகப்பிரியா. கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டாள். “நான் ஒருத்திதானுங்க இருக்கறேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் ஸ்பீக்கரில் அவள் பெயர் மறுபடியும் வந்தது.